அற்புதமா, ஆயத்தமா?

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள். பசிபிக் பெருங்கடலின் நடுவே, ஹவாய்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த மௌயி தீவில், லஹைனா என்னும் பழம்பெரும் கடற்கரை ஊரைக் காட்டுத்தீ விழுங்கியது. பிற்பகலில் தொடங்கி இரவுக்குள் 2,200க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. 102 பேர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். தப்பிக்க வழியின்றிக் கடலில் குதித்தவர்களும் உண்டு. புகை அடங்கிய பின் வானிலிருந்து எடுக்கப்பட்ட படங்களில் ஊர் முழுவதும் சாம்பல் நிறமாய்க் கிடக்க, ‘மரியா லனகிலா’, அதாவது வெற்றியின் அன்னை, என்னும் பெயர் தாங்கிய கத்தோலிக்க ஆலயம் நிலைகுலையாமல் நின்றது.

அந்தப் படம் உலகெங்கும் சுற்றி வந்தது. நம் கைக்கும் வந்தது. ‘அன்னை தன் ஆலயத்தைக் காத்தாள், இதோ அற்புதம்’ என்ற வாசகத்தோடு வந்தது. சில வாரங்கள் கழித்து ஒரு பங்கின் ஞாயிறு மறையுரையிலும் அதே வாசகத்தைக் கேட்டோம். கேட்டவர்கள் நெஞ்சுருகிச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டனர். அவர்களது பக்தியைக் குறைத்துப் பேச நாம் துணியவில்லை. ஆயினும் அன்று ஆலயத்தை விட்டு வெளியே வந்தபோது நம் உள்ளத்தில் ஒரு முள் தைத்திருந்தது. அம்முள்ளைப் பிடுங்கி வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அன்னை தன் ஆலயத்தைக் காத்தாள் என்றால், அதே வளாகத்தைச் சேர்ந்த கத்தோலிக்கப் பள்ளி பெரும் சேதமடைந்ததே, அது ஏன்? அதே ஊரில், 1823ஆம் ஆண்டில் தோன்றி, இருநூறாம் ஆண்டை அப்போதுதான் கொண்டாடியிருந்த வயோலா சபையின் ஆலயம் எரிந்துபோயிற்றே, அங்கே கூடி வழிபட்டவர்கள் கிறிஸ்துவின் மக்கள் இல்லையா? எல்லாவற்றுக்கும் மேலாக, மாண்ட 102 பேரில் செபமாலை கையில் வைத்திருந்தவர் ஒருவரும் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? கல்லும் சுண்ணாம்பும் காக்கப்பட்டன, தாத்தாவும் பாட்டியும் கைவிடப்பட்டனர் என்பதுதான் நாம் அறிவிக்க விரும்பும் நற்செய்தியா?

2025ஆம் ஆண்டு சனவரியில் கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரைச் சுற்றிப் பெருந்தீ மூண்டது. பசிபிக் பாலிசேட்ஸ் பகுதியிலிருந்த கிறிஸ்துவின் திருவுடல் ஆலயம் எரிந்து சாம்பலாயிற்று. இடிபாடுகளுக்கு நடுவே நற்கருணைப் பேழை மட்டும் சிதையாமல் கிடைத்தது. உடனே அதுவும் அற்புதம் எனப்பட்டது. ஆலயம் நின்றால் அற்புதம். ஆலயம் எரிந்து பேழை நின்றால் அதுவும் அற்புதம். அப்படியானால் எது நேர்ந்தால் நாம் அற்புதம் என்று சொல்லமாட்டோம்? எதற்கும் பொருந்துகிற ஒரு சொல் எதையும் விளக்குவதில்லை. அதைவிடத் தீங்கு ஒன்று உண்டு: அச்சொல் நம்மை மேற்கொண்டு கேள்வி கேட்கவிடாமல் தடுத்துவிடுகிறது.

சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் மாண்ட செய்தி இயேசுவின் காதுக்கு எட்டியிருந்தது. இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று அவரே வினவினார். அல்ல என்று அவரே விடையும் கூறினார். இறந்தவன் பாவி என்பது தவறானால், பிழைத்தவன் புண்ணியவான் என்பதும் தவறே. ஒரு நாணயத்தின் ஒரு பக்கத்தைத் தள்ளிவிட்டு மறுபக்கத்தை வைத்துக்கொள்ள முடியாது.

சிவப்புக் கூரை வீடு

லஹைனாவில் நின்றது ஆலயம் மட்டுமன்று. கடலோரத் தெருவில் சிவப்புக் கூரையும் வெள்ளைச் சுவர்களுமாய் ஒரு வீடு நின்றது. சுற்றிலுமிருந்த வீடுகள் தரைமட்டமாகிக் கிடக்க, அது மட்டும் நேற்றுச் சுண்ணாம்படித்தது போலப் பளிச்சென்று நின்றது. அதையும் ‘அற்புத வீடு’ என்றே உலகம் அழைத்தது. கல்வீடாயிருக்கும் என்று நினைக்கவேண்டாம். ஏறத்தாழ நூறு ஆண்டு கண்ட மரவீடு அது.

பிறகுதான் உண்மை வெளிவந்தது. அண்மையில் அவ்வீட்டைப் புதுப்பித்த உரிமையாளர்கள், பழைய தார்ப்பூச்சு ஓடுகளை அகற்றிவிட்டுக் கனத்த உலோகத் தகட்டால் கூரை வேய்ந்திருந்தனர். சுவரை ஒட்டி வளர்ந்திருந்த செடிகொடிகளை வேரோடு தோண்டியெடுத்து, கூரையின் நீர் சொட்டும் எல்லைவரை ஆற்றுக் கூழாங்கற்களைப் பரப்பியிருந்தனர். தீக்குப் பயந்து செய்ததன்று. கறையானுக்குப் பயந்து செய்தது! காற்றில் பறந்து வந்த எரிதுண்டுகள் அந்தக் கூரையில் விழுந்தபோது பற்றுவதற்கு ஒன்றுமில்லை. உருண்டு கீழே விழுந்தபோதும் அங்கே கல்லே கிடந்தது. காற்றின் போக்கும் நல்லூழும் துணை நின்றிருக்கலாம், மறுக்கவில்லை. ஆயினும் காரணம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், அதைப் பார்க்க மறுத்து வானத்தை நோக்கிக் கைகூப்புவது பக்தியாகுமா? படைத்தவர் தந்த கண்ணையும் கருத்தையும் பயன்படுத்தாமல் விடுவது அவருக்குச் செய்யும் நன்றியாகுமா?

அற்புதம் என்ற சொல்லோடு நின்றுவிட்டவன் அந்தச் சிவப்புக் கூரை வீட்டிலிருந்து ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை. ஏன் நின்றது என்று கேட்டவனோ வீடு திரும்பியதும் தன் சுவரோரத்தில் குவிந்து கிடக்கும் சருகைக் கூட்டத் தொடங்குகிறான்.

வீடு எவ்வாறு எரிகிறது?

காட்டுத்தீ என்றதும் பனைமர உயரத்துக்குச் சுவர்போல் எழுந்து வரும் நெருப்பையே நாம் மனக்கண்ணில் காண்கிறோம். அந்த நெருப்புச் சுவர் வந்து மோதி வீட்டை விழுங்குகிறது என்று நினைக்கிறோம். அமெரிக்க வனத்துறையின் ஆராய்ச்சியாளர் ஜாக் கோஹன் பல ஆண்டுகள் ஆராய்ந்து இந்த எண்ணத்தைத் திருத்தினார். 1990களின் பிற்பகுதியில் கனடாவின் வடபகுதிக் காடுகளில் வேண்டுமென்றே தீ மூட்டி, அதன் எதிரே வெவ்வேறு தொலைவுகளில் மரச்சுவர்களை நிறுத்திச் சோதித்தார்கள். பத்து மீட்டர் தொலைவில் நின்ற சுவர்கள் சில வேளைகளில் பற்றிக்கொண்டன. முப்பது மீட்டர் தொலைவில் நின்றவை பற்றவில்லை. பெருந்தீயின் வெப்பம் ஓரிடத்தில் ஓரிரு நிமிடங்களே உச்சத்தில் நிற்கிறது. மரச்சுவரை எரியவைக்க அது போதுவதில்லை.

அப்படியானால் வீடுகள் எவ்வாறு எரிகின்றன? தணலால். காற்றில் ஒரு மைலுக்கும் அப்பால் பறந்து வருகிற சிறு கங்குகளால். கூரையோரத் தகரவாய்க்காலில் நிறைந்திருக்கும் காய்ந்த இலைகளில் ஒரு கங்கு விழுகிறது. பரணுக்குக் காற்றுப் போக வைத்த துளையின் வழியே இன்னொன்று நுழைகிறது. வாசற்படியிலுள்ள தேங்காய்நார் மிதியடியில் வேறொன்று தங்குகிறது. நெருப்புச் சுவர் கடந்துபோய் மணிக்கணக்கான பின்னரும், அக்கம்பக்கத்து மரங்கள் பச்சையாய் நிற்க, வீடு மட்டும் உள்ளிருந்து எரிந்து அடங்கிய காட்சிகளை ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். ஆக, வீட்டின் தலைவிதி பெரும்பாலும் வீட்டிலும், அதைச் சுற்றியுள்ள முப்பது நாற்பது மீட்டர் நிலத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. எழுதுகிற கை நம்முடையது.

கலிபோர்னியாவில் பாரடைஸ் என்றொரு மலையூர் இருந்தது. பெயரின் பொருள் விண்ணகப் பூங்கா. ஏறத்தாழ 26,000 பேர் வாழ்ந்த அவ்வூர் 2018ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் காலையில் எரியத் தொடங்கியது. அந்தத் தீயில் 85 பேர் மாண்டனர். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. எந்த வீடு நின்றது, எது எரிந்தது என்று பின்னர் எண்ணிப் பார்த்தார்கள். 1997க்கு முன் கட்டிய தனிவீடுகளில் நூற்றுக்கு 11.5 மட்டுமே பிழைத்தன. அதற்குப் பின் கட்டியவற்றில் நூற்றுக்கு 38.5 பிழைத்தன. கூரையும் சாளரமும் சுற்றுப்புறமும் செய்த வேறுபாடு இதில் தெரிகிறது. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: எரிந்த வீட்டுக்கு மிக அருகிலிருந்த வீடுகளே பெரும்பாலும் எரிந்தன. அண்டை வீட்டானின் கூரையும் என் கூரையும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. அயலானை அன்பு செய் என்ற கட்டளைக்குத் தீயே எழுதிய விளக்கவுரையன்றோ இது!

ஆயத்தம் என்பது என்ன?

கட்டுரை கட்டுரையாக நிற்காமல் கைக்கும் காலுக்கும் வேலை தரவேண்டும். ஆகவே, காடும் புல்வெளியும் அருகிலுள்ள வீட்டார் செய்யவேண்டியவற்றை இங்கே சொல்லிவிடுகிறோம்.

சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை எரியக்கூடிய எதுவும் இருத்தலாகாது. செடி, சருகு, விறகு, மரநாற்காலி, பிளாஸ்டிக் தொட்டி எல்லாம் விலகட்டும். கல்லோ மண்ணோ மட்டும் இருக்கட்டும். இந்த ஒன்றரை மீட்டரே முதன்மையானது. அதற்கு அப்பால், பத்து மீட்டர் வரை புல் குட்டையாக வெட்டப்பட்டிருக்கவேண்டும். மரக்கிளைகள் கூரையைத் தொடலாகாது. அடுக்கிய விறகு அந்த எல்லைக்கு வெளியே போகவேண்டும். கூரையையும் தகரவாய்க்காலையும் கோடை தொடங்குமுன் கூட்டித் துடைக்கவேண்டும். காற்றுத் துளைகளுக்கு மூன்று மில்லிமீட்டர் கண்ணுள்ள உலோக வலை பொருத்தவேண்டும். வீட்டோடு ஒட்டிய மரவேலி நெருப்புக்கு நீட்டிய கயிறு போன்றது. சுவரைத் தொடும் பகுதியையாவது உலோகமாக மாற்றவேண்டும். இவற்றுள் பலவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. துடைப்பமும் ஒரு சனிக்கிழமையும் போதும்.

அடுத்தது ஆட்களின் ஆயத்தம். ஒரு பையில் ஆவணங்கள், அன்றாட மருந்துகள், மூக்குக் கண்ணாடி, கைவிளக்கு, குடிநீர், புகை வடிக்கும் முகக்கவசம், கணுக்காலை மூடும் காலணி, பருத்தி அல்லது கம்பளி உடை ஆகியவை எப்போதும் கட்டி வைத்திருக்கவேண்டும். நைலான் துணி வெப்பத்தில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வெளியேற இரண்டு வழிகள் தெரிந்திருக்கவேண்டும்; குழந்தைகளோடு ஒருமுறை நடந்தும் பார்க்கவேண்டும். தீ அபாயமுள்ள நாளில் வண்டியின் முகம் தெருவை நோக்கி நிற்கட்டும். மின்சாரம் நின்றால் திறக்காத கதவு இருப்பின் அதைக் கையால் திறக்கப் பழகியிருக்கவேண்டும். வீட்டார் பிரிந்துபோனால் எங்கே கூடுவது, யாருக்குச் செய்தி சொல்வது என்று முன்னதாகவே பேசி முடித்திருக்கவேண்டும்.

இரவிலேயே எழுந்தவர்

எல்லா ஆயத்தங்களிலும் பெரியது, காலத்தோடு புறப்படும் ஆயத்தம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2009ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் மெல்போர்ன் நகரில் வெப்பம் 46.4 பாகை செல்சியசைத் தொட்டது. அன்று மூண்ட தீயில் 173 பேர் மாண்டனர். அவருள் 113 பேர் வீடுகளுக்குள்ளேயே இறந்தனர். ‘ஆயத்தத்தோடு தங்கிக் காப்பாற்று, அல்லது முன்னதாகப் புறப்படு’ என்பதே அதுவரை அந்நாட்டில் மக்களுக்குச் சொல்லப்பட்டு வந்த அறிவுரை. ஆனால் பலர் எதையும் உறுதி செய்யாமல், என்ன நடக்கிறதென்று பார்ப்போம் எனக் காத்திருந்தனர். காத்திருந்து கண்ணால் கண்ட வேளையில் சாலையில் புகை, வாசலில் நெருப்பு. நீதிபதி பெர்னார்டு டீக் தலைமையிலான அரச ஆணையம் 2010இல் தன் அறிக்கையைத் தந்தது. முன்னதாகப் புறப்படுவதே பாதுகாப்பானது. மிகக் கொடிய நாளில் எந்த வீட்டையும் காத்துவிடலாமென்று நம்பலாகாது என்பது அதிலிருந்து அந்நாடு கற்ற பாடம்.

நமக்கோ அந்தப் பாடம் ஈராயிரம் ஆண்டுகளாகத் திருக்குடும்பத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. குழந்தையின் உயிருக்கு ஆபத்து என்று சூசையப்பருக்குக் கனவில் எச்சரிக்கை வந்தது. அவர் என்ன செய்தார்? விடியட்டும் பார்க்கலாம் என்று புரண்டு படுத்தாரா? கடவுளின் மகனே நம் வீட்டில் இருக்கும்போது நமக்கென்ன ஆபத்து என்று வாதிட்டாரா? அன்றிரவே எழுந்தார், தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்டார். தச்சுப் பட்டறையை மூட்டை கட்ட நேரம் எடுத்துக்கொண்டதாக நற்செய்தி சொல்லவில்லை. மண்ணுலகில் அவரைவிட இறைப்பராமரிப்பை நம்பிய குடும்பத் தலைவர் யார்? அந்த நம்பிக்கையின் வடிவம் இரவுப் பயணமாக இருந்தது. எச்சரிக்கை எட்டாத பெத்லகேமின் வீடுகளில் எழுந்த அழுகுரலையும் அதே நற்செய்தி மறைக்கவில்லை.

அதற்கு நேர்மாறான வாதத்தைப் பேசியவனும் நற்செய்தியில் உண்டு. தேவாலயத்தின் உச்சியில் நின்றுகொண்டு, குதித்துவிடும், வானதூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று மறைநூலைக் காட்டிப் பேசியவன் சோதிப்பவன். வெளியேறுமாறு அதிகாரிகள் கட்டளையிட்ட பின்னும், ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று வீட்டிலிருப்பவன் யாருடைய குரலைக் கேட்கிறான் என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும்.

வழி அடைபட்டுச் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? மேட்டை நோக்கி ஓடலாகாது. தீயும் மேட்டை நோக்கித்தான் விரையும். சரிவு பத்துப் பாகை கூடினால் அதன் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். ஏற்கெனவே எரிந்து அடங்கிய நிலமோ, வெற்று மண்ணோ, நீர்நிலையோ கிடைத்தால் அங்கே ஒதுங்கவேண்டும். வண்டிக்குள் சிக்கினால், புதரில்லாத இடத்தில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, முன்விளக்கை எரியவிட்டு, சாளரத்துக்குக் கீழே தாழ்ந்து, கம்பளியால் மூடிக்கொள்ளவேண்டும். வீட்டுக்குள் சிக்கினால், கதவுகளைச் சாத்தவேண்டும், பூட்டலாகாது. திரைச்சீலைகளை அகற்றி, தொட்டிகளில் நீர் நிறைத்து, வெளியேறும் கதவு கண்ணில் படும் அறையில் தங்கவேண்டும். நெருப்பு அலை கடந்தபின் வீடு பற்றியெரிந்தால், எரிந்து முடிந்த தரைக்கு வெளியேறவேண்டும். சன்னலில்லாத குளியலறையில் ஒளிந்துகொள்வது உயிரைக் காக்காது.

கடவுள்மேல் போடும் பழி

ஆங்கிலேயரின் சட்டவழக்கில் ‘கடவுளின் செயல்’ என்றொரு சொற்றொடர் உண்டு. மனிதன் தடுக்க முடியாத இயற்கைப் பேரிடருக்கு அப்படிப் பெயர் வைத்தார்கள். எவருக்கும் பொறுப்பில்லை என்று கைகழுவ அது எவ்வளவு வசதியான சொல்! பிலாத்துவுக்குத் தண்ணீராவது தேவைப்பட்டது.

பாரடைஸ் ஊரை எரித்தது யார்? ஏறத்தாழ நூறாண்டாய்த் தேய்ந்துபோன ஓர் இரும்புக் கொக்கி முறிந்ததால் மின்கம்பி தொங்கியது; பொறி பறந்தது. பசிபிக் கேஸ் அண்டு எலெக்ட்ரிக் நிறுவனம் 2020ஆம் ஆண்டு நீதிமன்றத்தில் 84 பேரின் சாவுக்குக் காரணமான குற்றத்தை ஒப்புக்கொண்டது. லஹைனாவில் என்ன நேர்ந்தது? அன்று காலையில் அறுந்த மின்கம்பிகளில் மீண்டும் மின்சாரம் பாய்ந்து பற்றிய தீ, அணைந்துவிட்டது என்று கருதப்பட்ட பின் பிற்பகலில் மறுபடியும் கிளர்ந்தது என்று விசாரணை அறிக்கை 2024இல் கூறிற்று. தெற்கே வெகுதொலைவில் கடந்த புயலோடு சேர்ந்து வீசிய கடுங்காற்று அதைத் தூக்கிச் சென்றது. கைவிடப்பட்ட கரும்புத் தோட்டங்களில் அந்நியப் புல் ஆளுயரம் காய்ந்து கிடந்தது. தீவெங்கும் அபாயச் சங்குகள் இருந்தன. அன்று ஒன்றுகூட ஊதவில்லை. 2025 சனவரியில் அல்டடீனாவில் மாலை ஆறரை மணிக்குள் மூண்ட தீக்கு, அவ்வூரின் மேற்குப் பகுதியினருக்கு வெளியேறும் கட்டளை கிடைத்தது மறுநாள் அதிகாலை மூன்றரை மணியளவில். அவ்வூர்த் தீயில் மாண்ட 19 பேரில் ஏறத்தாழ எல்லோரும் அந்த மேற்குப் பகுதியினர்.

தேய்ந்த கொக்கியை மாற்றாதவன் மனிதன். புல்லை வெட்டாதவன் மனிதன். சங்கை ஊதாதவன் மனிதன். இவையெல்லாம் கடவுளின் சித்தம் என்று நாம் மறையுரையில் சொன்னால், யாருடைய குற்றத்தை யார்மீது ஏற்றுகிறோம்? நின்ற ஆலயத்துக்குக் கடவுளைப் புகழ்ந்தும், எரிந்த மனிதருக்குக் கடவுளைப் பொறுப்பாக்கியும் பேசுகிற நாவு, நடுவில் நிற்கிற மனிதனை மட்டும் எளிதாக விட்டுவிடுகிறதே!

எழும் எதிர்வாதங்கள்

அற்புதங்களையே நீங்கள் மறுக்கிறீர்களா என்று சிலர் கேட்பர். மறுக்கவில்லை. திருச்சபை ஓர் அற்புதத்தை ஏற்குமுன் எத்தனை மருத்துவர்களை வைத்து, எத்தனை ஆண்டுகள் ஆராய்கிறது என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். லூர்து நகரில் நடந்தவை என்று சொல்லப்பட்ட பல்லாயிரம் குணங்களில், ஆயர்களால் அற்புதமென அறிவிக்கப்பட்டவை நூற்றைக்கூட எட்டவில்லை. திருச்சபையே இவ்வளவு தயங்கும் சொல்லை நாம் ஒரு புகைப்படத்தைப் பார்த்த கணத்தில் வாரியிறைக்கலாமா?

ஆயத்தமே காப்பாற்றும் என்றால், இறந்தவர்கள் ஆயத்தமில்லாத குற்றவாளிகள் என்றாகாதா என்று வேறு சிலர் கேட்பர். இது கனமான கேள்வி. நேராகவே விடை சொல்லவேண்டும். ஆகாது. பாரடைசில் புதிய முறைப்படி கட்டிய வீடுகளிலும் பெரும்பகுதி எரிந்தது என்பதை மேலே சொன்ன கணக்கே காட்டுகிறது. ஆயத்தம் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது, உறுதி தருவதில்லை. மேலும், இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியோர், நடமாட முடியாதோர், வண்டியில்லாதோர். உலோகக் கூரை போடப் பணமில்லாதவரையும், படுக்கையை விட்டு எழ முடியாதவரையும் நோக்கி ஏன் ஆயத்தமில்லை என்று கேட்பது கொடுமை. அக்கேள்வி அவர் வீட்டுக்குப் பக்கத்தில் வாழ்ந்தவனை நோக்கிக் கேட்கப்படவேண்டும். எரிகோ வழியில் அடிபட்டுக் கிடந்தவனிடம் இயேசு கணக்குக் கேட்கவில்லை. ஒதுங்கிப் போனவர்களைப் பற்றியே கதை சொன்னார்.

இதெல்லாம் அயல்நாட்டுச் செய்தி, நமக்கென்ன என்பார் மூன்றாமவர். நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வீடு வாங்கிக் குடியிருக்கிறார்களே! அவர்கள் தொலைபேசியில் பேசும்போது, ஞாயிறு பூசைக்குப் போனாயா என்று கேட்கிற நாம், வெளியேறும் வழி தெரியுமா என்று ஒருநாளேனும் கேட்டதுண்டா? நம் மலைகளும் விலக்கல்ல. 2018ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பரவிய தீ, நடைப்பயணம் வந்திருந்த 36 பேரைச் சூழ்ந்தது. 20க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பெரும்பாலும் இளையோர். கோடைதோறும் கொடைக்கானலிலும் நீலகிரியிலும் புகை எழுவதைக் காண்கிற மலைப்பங்கு மக்களுக்கு இது அயல்நாட்டுச் செய்தியன்று.

நம் பங்குகளுக்கு ஒரு விண்ணப்பம்

அன்பியக் கூட்டங்களில் வாசகம் வாசிக்கிறோம், பாடுகிறோம், மன்றாடுகிறோம். மலையடிவாரத்துப் பங்குகளில், தை மாதம் முடியுமுன் ஒரே ஒரு கூட்டத்தை இதற்கென ஒதுக்கினால் என்ன? நம் அன்பியத்தில் தனியாக வாழும் முதியவர் யார், நடக்க முடியாதவர் யார், கைக்குழந்தையோடு இருப்பவர் யார் என்று ஒரு பட்டியல் எழுதலாம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, தீ வந்தால் அவரை அழைத்துவரப் பொறுப்பேற்கும் ஒருவரின் பெயரை எழுதலாம். ஒரு சனிக்கிழமை இளையோர் அணியினர் அம்முதியோர் வீட்டுச் சருகைக் கூட்டலாம். ஆபத்துக் காலத்தில் ஆலயமணி எந்த முறையில் ஒலித்தால் ஊர் புறப்படவேண்டும் என்று வனத்துறையினரோடும் ஊராட்சியோடும் பேசி முடிவு செய்யலாம். லஹைனாவில் ஊதாத சங்கை நம் ஊரில் மணியாக ஒலிக்கச் செய்யலாம்.

பத்துக் கன்னியரின் உவமையில் அறிவிலிகள் ஐவரும் மணமகனை நம்பாதவர்கள் அல்லர். நம்பித்தான் விளக்கோடு வந்தனர். அவர்களிடம் குறைவுபட்டது எண்ணெய். நம்மிடமும் நம்பிக்கைக்குக் குறைவில்லை. ஆலயம் நிறைகிறது, மெழுகுதிரிகள் எரிகின்றன. எண்ணெய்தான் இல்லை. அந்த எண்ணெய்க்கு இவ்விடத்தில் பெயர் துடைப்பம், பட்டியல், கட்டிவைத்த பை, பக்கத்து வீட்டுப் பாட்டியின் கதவைத் தட்டும் கை.

இனி ஒருநாள், எரிந்த ஊரின் நடுவே நிற்கும் ஆலயத்தின் படம் மீண்டும் நம் கைக்கு வரும். அப்போது அதைப் பிறருக்கு அனுப்புமுன் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: அந்த ஊரில் நடக்க முடியாதவர்களை யார் தூக்கிச் சென்றார்கள்? அக்கேள்விக்கு ஒருவரின் பெயராவது விடையாகக் கிடைக்குமானால், அன்று நாமும் முழங்காலிட்டு அற்புதம் என்று சொல்வோம்.